மண் லாரிச் செய்தியும் ஐயாயிரம் ரூபாய் விளம்பரமும்

ஈரோடு மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் மாதமிருமுறை இதழ் நடத்துகிற ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளும் இதழும் அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கழித்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 62. சொந்தமாக ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடித்து வருகிற காசில்தான் இதழ் ஓடுகிறது. பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடைகளிலும் டீக்கடைகளிலும் ஆயிரம் பிரதி போகும். குளத்து வண்டல் மண்ணை வயலுக்கு எடுத்துக்கொள்ள விவசாயிகளுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி தருகிறார்கள். அப்படி விவசாயிகள் பெயரில் வாங்கிய அனுமதியைக் காட்டி, ஒரு ஒப்பந்தக்காரர் டிப்பர் டிப்பராக மண்ணை அள்ளி வீட்டுமனை சைட்டுக்கும் செங்கல் சூளைக்கும் விற்றார் என்று போன மாதம் செய்தி போட்டார். "என் பேருல பர்மிட் இருக்கறதே நீங்க சொல்லித்தானுங்க தெரியும்" என்று இரண்டு விவசாயிகள் சொன்னதும், ராத்திரி ரோந்துக்கு லோடு கணக்கில் மாமூல் கொடுத்ததாக ஒரு லாரி உரிமையாளர் சொன்னதும் அதில் இருக்கின்றன. தலைப்பு: "குளத்தை விழுங்குகிறாரா பிரமுகரின் மச்சான்?" கடைசியில் "தொடரும்".

இப்போது ஒப்பந்தக்காரரின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளுக்குள் முதல் பக்கத்தில் மன்னிப்புப் போட வேண்டும், 1 கோடி ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும், இல்லாவிட்டால் சிவில், கிரிமினல் இரண்டு வழக்கும் வரும். இன்ஸ்பெக்டரும் போன் செய்து, "ஒரு கம்ப்ளைண்ட் வந்திருக்குது, வந்துட்டுப் போங்க" என்றிருக்கிறார். இரண்டு முறை ஒரு டிப்பர் இவருடைய வண்டிக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய பெரியவர்கள் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். "நமக்கெதுக்குங்க இந்த வேலை, நிறுத்திப்போடலாம்" என்கிறார் மனைவி. கடிதத்தின் முடிவில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. செய்தி வந்த நாலாம் நாள் இதழின் பகுதிநேர நிருபர் அதே ஒப்பந்தக்காரரிடம் தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டுப் போயிருக்கிறார். நிருபரின் போனுக்கு 5,000 ரூபாய் ஜிபே வந்திருக்கிறது. பேச்சைப் பதிவு செய்து வைத்திருப்பதாக ஒப்பந்தக்காரர் சொல்லித் திரிகிறாராம்.

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் ஐந்தரைப் பக்கம் ஒரு கோடி நோட்டீஸைப் பற்றியது. நிருபர் சமாச்சாரம் கடைசியில் நாலு வரி. நான் அதை நேர்மாறாகப் படிக்கிறேன். நோட்டீஸைச் சமாளிக்க உங்களிடம் சரக்கு இருக்கிறது. அந்த நாலு வரியைச் சமாளிக்கத்தான் இன்றைக்கே வேலை தொடங்க வேண்டும். ஆனாலும் தூக்கத்தைக் கெடுப்பது நோட்டீஸ் என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு கோடி ரூபாய் நோட்டீஸ்

நோட்டீஸில் எத்தனை கோடி வேண்டுமானாலும் எழுதலாம், செலவு தபாலுக்கு மட்டும்தான். அதையே சிவில் வழக்காகப் போட வேண்டுமென்றால், தமிழ்நாட்டில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். ஒரு கோடிக்கு 3 லட்சம். அதனால் இப்படி வருகிற நோட்டீஸ்களில் பெரும்பாலானவை நோட்டீஸாகவே நின்றுபோகும், அல்லது தொகை சுருங்கி வழக்காகும். பயமுறுத்தி அடுத்த இதழை நிறுத்துவதுதான் இவற்றின் முதல் வேலை. சிவில் வழக்குக்குச் செய்தி வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரிமினல் பக்கம் பார்த்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாகிவிட்டன. அதிகபட்சம் இரண்டாண்டு வெறுங்காவல், அபராதம், அல்லது சமூக சேவை. அவதூறுக்காக உங்களைப் போலீஸ் கைது செய்துவிடும் என்று பயந்திருக்கிறீர்கள். அது நடக்காது. அவதூறுக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் புகார் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 223ஆம் பிரிவுப்படி, புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். முன்பு இந்த வசதி கிடையாது. அந்த முதல் வாய்தாவிலேயே ஆவணங்களை வைத்துவிட முடிந்தால் பாதி பாரம் இறங்கிவிடும்.

தாசில்தார் அலுவலகத்திலிருந்தும் "அரசுத் தரப்பில் கேஸ் போடுவோம்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்டோ சங்கர் வரலாறு தொடர்பாக நக்கீரன் தரப்பு நடத்திய ராஜகோபால் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1994இலேயே சொல்லிவிட்டது: அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் மானம் போனதாக நஷ்ட ஈடு கேட்க முடியாது. அரசு அலுவலர் தம் பணி சம்பந்தமாக எழுதப்பட்டதற்கு நஷ்ட ஈடு கேட்டால், அது பொய் என்பதோடு, உண்மையா பொய்யா என்று பார்க்கவே அக்கறையில்லாமல் எழுதப்பட்டது என்றும் அவர் நிரூபிக்க வேண்டும். அரசு சார்பில் கிரிமினல் அவதூறு வழக்கு இன்னும் போடலாம், ஆனால் அரசின் முன் அனுமதி வேண்டும். ஜெயலலிதா ஆட்சியில் பத்திரிகைகள் மீது போட்ட அப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றை சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் ரத்து செய்தது. எனவே அந்தப் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

அடுத்த இதழுக்கே தடை வாங்கிவிடுவார்களோ என்ற பயத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது. உங்களைக் கேட்காமல் ஒருதலைப்பட்சமாகத் தடை கொடுக்காதபடி, எங்கே வழக்கு வரலாமோ அந்த சிவில் நீதிமன்றங்களில் கேவியட் மனு போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும், செலவும் பெரிதில்லை. ப்ளூம்பெர்க், ஜீ நிறுவனங்களின் வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், செய்திகளுக்கு எடுத்த எடுப்பிலேயே இடைக்காலத் தடை கொடுக்கக் கூடாது என்று கீழ்க்கோர்ட்டுகளை எச்சரித்திருக்கிறது. அதையும் உங்கள் வக்கீல் கையில் வைத்திருக்கட்டும்.

"பெயர் போடவில்லை, கேள்விக்குறி போட்டேன்"

இதை நீங்கள் பெரிய கவசமாக நினைக்கிறீர்கள். கவசமே கிடையாது. உங்கள் ஊரில் அந்தப் பிரமுகருக்கு எத்தனை மச்சான்கள் மண் வேலை எடுக்கிறார்கள்? படிக்கிறவர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் பெயர் போட்டதாகவே அர்த்தம். கேள்வியாகக் கேட்டாலும் அவதூறாகலாம்; இதுவா அதுவா என்றோ கிண்டலாகவோ சொன்னாலும் அவதூறாகலாம் என்று பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. "வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள்" என்ற நம் ஊர்ப் பத்திரிகை நடைக்கும் கோர்ட்டில் மரியாதை இல்லை. சொல்லப்போனால், ஆவணம் கையில் இருக்கிற செய்திக்கு இந்த ஒளிவு மறைவே தேவையில்லை. அனுமதி எண், தேதி, எந்தக் குளம், எத்தனை லோடு, மண் எங்கே இறங்கியது என்று நேராக எழுதியிருந்தால் தலைப்பில் மச்சான் வந்திருக்கவே வேண்டாம்.

"உண்மையை எழுதினால் போதும்" என்பதும் பாதிதான் சரி. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் போதும். கிரிமினலில், உண்மை என்பதோடு அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். குளத்து மண் விஷயத்தில் பொது நன்மை காட்டுவது கஷ்டமே இல்லை. ஆனால் விளம்பரப் பேச்சு உள்ளே வந்தால் அந்த இரண்டாவது கால் ஆடிப்போகும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய இதழை வரிவரியாகப் படித்தேன். ஒரு தவறு இருக்கிறது. செய்தியில் விவசாயிகள் பெயரில் அனுமதி இருந்தது என்கிறீர்கள். பக்கத்துப் பெட்டிச் செய்தியில் "இந்தக் குளத்தில் மண் எடுக்க அனுமதியே கிடையாது" என்று இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்கு மட்டும், அதே பக்கத்தில், திருத்தம் போடுங்கள். மொத்தச் செய்திக்கும் வருத்தம் தெரிவிக்கிற மாதிரி ஒரு வார்த்தையும் கலக்க வேண்டாம். நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் பதில் கொடுங்கள். சட்டப்படி கட்டாயமில்லைதான், ஆனால் பேசாமல் இருந்ததையே பின்னால் உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள்.

அந்த நாலு வரி

இனி நிருபர் விஷயம். "நான் கேட்கவில்லை, அவன் சம்பள ஆளும் இல்லை, விளம்பரம் வியாபாரம்தானே" என்கிறீர்கள். மிரட்டிப் பணம் பறித்தலைச் சொல்கிற, அதே நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சட்டம் கொடுக்கிற முதல் உதாரணமே இதுதான்: பணம் தராவிட்டால் உன்னைப் பற்றி அவதூறு வெளியிடுவேன் என்று மிரட்டி ஒருவன் பணம் வாங்கினால் அது பணம் பறித்தல். 1860ஆம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டத்திலும் அதே உதாரணம் அதே இடத்தில் இருந்தது. பணம் கை மாறியிருந்தால் ஏழாண்டு வரை தண்டனை, ஜாமீன் கோர்ட்டைப் பொறுத்தது. மாறாமல் பயமுறுத்தியதோடு நின்றாலும் இரண்டாண்டு வரை உண்டு. அவதூறைப் போல இல்லாமல் இதில் போலீஸே எஃப்.ஐ.ஆர். போடலாம். செய்தி உண்மையா பொய்யா என்பது இங்கே பெரிதாகக் கைகொடுக்காது.

எதிர்த்தரப்பு இதை எப்படிக் கோர்க்கும் என்று யோசியுங்கள். இதழில் "தொடரும்" என்று முடிகிறது. நாலாம் நாள் நிருபர் போகிறார். "ஒரு பக்கம் விளம்பரம் குடுத்தீங்கன்னா பாத்துக்கலாம்" என்கிறார். அன்றே ஜிபே. போன பொங்கலுக்கு அதே ஒப்பந்தக்காரர் 8,000 ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தார், ரசீது இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ரசீதால் பழைய விளம்பரம் சுத்தம் என்று காட்டலாம், இந்த ஐயாயிரத்தைச் சுத்தமாக்க முடியாது.

நிருபருக்குச் சம்பளம் கிடையாது, விளம்பரத்தில் 30 சதவீதக் கமிஷன் மட்டும் என்கிறீர்கள். பிரச்சினையின் வேர் அங்கேதான். செய்தி எழுதுகிற ஆளுக்கே விளம்பரத்தில் கமிஷன் என்றால், அவர் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவரிடமேதான் போய் நிற்பார். ஊரில் வேறு யார் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கப்போகிறார்கள்? 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி நிறுவனங்கள் கவிழ்ந்ததை நீங்களும் பார்த்தவர். அதுவரை அந்த விளம்பரங்களை வாங்கிப்போட்ட எந்தப் பத்திரிகைக்காவது முன்கூட்டியே எச்சரித்து எழுத வாய் வந்ததா? காசு வாங்கிய கை எழுதாது, எழுதினாலும் ஊர் நம்பாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எதையும் ஒப்பந்தக்காரரோடு போனில் பேசி "சரிக்கட்ட" முயலாதீர்கள். அந்தப் பேச்சும் பதிவாகும். என்ன நடந்தது என்று நிருபரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அவரை இதழின் வேலையிலிருந்து விலக்கி, அடையாள அட்டையைத் திரும்ப வாங்கி, அதற்கும் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னார் இனி இதழின் சார்பில் பேச அதிகாரம் இல்லாதவர், செய்திக்கும் விளம்பரத்துக்கும் எங்களிடம் சம்பந்தம் கிடையாது என்று அடுத்த இதழில் அறிவிப்புப் போடுங்கள். அந்த 5,000 ரூபாயில் ஒரு பைசாவாவது இதழின் கணக்குக்கு வந்திருந்தால், வக்கீல் கடிதத்தோடு வங்கி வழியாக மட்டும் திருப்புங்கள். ரொக்கமாக யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம். இதனால் குற்றம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது, ஆனால் அதில் உங்களுக்குப் பங்கில்லை என்று காட்ட உதவும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கவே அழிக்காதீர்கள், சாட்சியத்தை அழித்தால் அது தனிக் குற்றம். இன்னொன்று, அந்தப் பையனுக்கு வேறு வக்கீல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் இருவர் நலனும் இப்போது ஒன்றில்லை. ஒரே வக்கீல் இருவருக்கும் நின்றால் யாராவது ஒருவர் மாட்டுவீர்கள். பாவம் சின்னப் பையன் என்று நீங்கள் இரக்கப்படுவது எனக்குப் புரிகிறது. அவருக்கு நல்ல வக்கீல் கிடைக்கப் பாருங்கள், அதுதான் சரியான இரக்கம்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டால்

"முறையாகப் பதிவு செய்த பத்திரிகை, போலீஸ் தொட முடியாது" என்கிறீர்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச் 1 முதல் புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. இரண்டில் எதிலும் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. பதிவு எண் தலைப்பைக் காக்கும், ஆளைக் காக்காது.

போனில் கூப்பிட்டதற்கு மரியாதையாக ஒரு பதில் போதும்: "எழுத்தில் கொடுங்க சார், வக்கீலோட வந்துடறேன்." சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் புதிய நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவில் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். 60 வயதைத் தாண்டியவரை அப்படி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் 65 என்று இருந்தது, இப்போது உங்களுக்கும் பொருந்தும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்த்து, அதே சட்டத்தின் 35(3) பிரிவில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் இந்த வயதுச் சலுகையைச் சொல்லி வீட்டில் உட்கார முடியாது, கட்டாயம் போக வேண்டும். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது கூடாது என்பது 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு. நோட்டீஸுக்கு ஒழுங்காகப் போய் வருகிறவரைக் கைது செய்ய தனியாகக் காரணம் எழுத வேண்டும். என்றாலும் 308இல் எஃப்.ஐ.ஆர். பதிவானது தெரிந்த அன்றே முன்ஜாமீன் மனு தயாராக இருக்கட்டும்.

அனுமதிப் பட்டியலைப் போனில் படமெடுத்துக் கொடுத்த தாலுகா ஆபீஸ் ஊழியரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செய்தி கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்ற உரிமை, 1978 பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது கவுன்சிலின் முன்னால் மட்டும்தான். கோர்ட் கேட்டால் மறுக்கத் தனிச் சட்டம் நமக்கு இல்லை. அதனால் அவரை நடுவில் இழுக்காமல் அதே பட்டியலை நேர்வழியில் வாங்கிவிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் தாலுகா அலுவலகத்துக்கும், கனிமவள உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் மனுப் போட்டு, அனுமதிகளின் சான்றிட்ட நகல்களைக் கேளுங்கள். 30 நாள் கெடு. வந்துவிட்டால் கோர்ட்டில் வைக்க அந்த நகல் போதும், செல்போன் படம் தேவைப்படாது. டிப்பர்களை எடுத்த வீடியோவுக்கு மூலப் போனை அப்படியே வையுங்கள், நகலை வைத்தால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று இல்லாமல் கோர்ட்டில் அது ஏறாது.

அந்த லாரி உரிமையாளர் நிலைமை எனக்குக் கவலையாக இருக்கிறது. மாமூல் கொடுத்தேன் என்று பெயரோடு சொல்லியிருக்கிறார், நீங்களும் போட்டோ வைத்து வெளியிட்டிருக்கிறீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். அவரும் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும். இனிமேல் இந்த மாதிரி ஆட்களிடம் பேட்டி எடுப்பதற்கு முன்பு இதைச் சொல்லிவிட்டு எடுங்கள்.

மண்டபத்துப் பேச்சு

பெரியவர்கள் கூப்பிட்டால் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஊரில், இரண்டு பக்கமும் பங்காளி, சம்பந்தி என்று இருக்கிற இடத்தில் அப்படி முறைத்துக்கொண்டு வாழ முடியாது. போனால் இரண்டு நிபந்தனை. வெள்ளைத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். "செய்தி தவறு, மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்கு வழக்கில் அதுதான் முதல் ஆவணம். அப்புறம், பணம், விளம்பரம், சந்தா என்ற பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

டிப்பர் பின்தொடர்வதை லேசாக விடக் கூடாது. 2022இல் கரூர் மாவட்டத்தில் கல்குவாரியை எதிர்த்துப் புகார் கொடுத்து வந்த ஒருவர் வண்டி ஏற்றிக் கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் பல்லடம் பக்கம் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளரை அரிவாளால் வெட்டினார்கள், அதற்கு முன்பே அவர் போலீசுக்குப் போன் மேல் போன் செய்திருந்தார். ஆகவே போனோடு நிறுத்தாதீர்கள். தேதி, நேரம், வண்டி எண்ணோடு எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீதின் நகல் வாங்குங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் அதையே எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கொஞ்ச நாளைக்கு இருட்டிய பிறகு தனியாக வண்டி எடுக்க வேண்டாம்.

உங்கள் வீட்டு அம்மா கேட்பதற்கு என் பதில்: இதழை நிறுத்தினால் இந்த வழக்கு நின்றுவிடாது. கிரிமினல் புகாருக்கு மூன்றாண்டு வரை நேரம் இருக்கிறது. நிறுத்துவது உங்கள் குடும்பத்து முடிவு, ஆனால் வழக்குக்குப் பயந்து எடுக்கிற முடிவாக அது இருக்க வேண்டியதில்லை. இரண்டாம் பகுதியை மட்டும் தகவல் உரிமைப் பதில் வரும் வரை தள்ளி வையுங்கள். அது வந்ததும் ஒப்பந்தக்காரருக்கும் தாசில்தாருக்கும் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, ஒரு வாரம் பதிலுக்குக் காத்திருந்து, வந்த பதிலையும் சேர்த்துப் போடுங்கள். முதல் பகுதியில் அவர்கள் தரப்பைக் கேட்டதாக ஒரு வரி கூட இல்லை. நோட்டீஸுக்கான பதிலில் இதற்கு என்ன சொல்வது என்று உங்கள் வக்கீலோடு முதலில் பேசுங்கள்.